கொங்குக் கிராமச் சபைக்கு முதன்முறை ஊழியப் பயணம் போகிறவர்களுக்கு

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஒரு குழுவை அழைத்துக்கொண்டு காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு சபைக்குப் போனேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்று நாங்களாகவே முடிவு செய்து நோட்டீஸும் அடித்திருந்தோம். ஐந்து மணிக்கு ஆலயத்தில் மூன்று பாட்டிமாரும் பள்ளிப் பிள்ளைகள் சிலரும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில். சனிக்கிழமை சம்பள நாள். சம்பளத்தை வாங்கி, வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கி, கம்பெனி வேனில் ஊர் வந்து இறங்க எட்டரை ஆகிவிடும். நாங்கள் கூட்டத்தை முடித்து மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதல் வேன் வந்தது. இறங்கிய பெண்கள் கையில் சாப்பாட்டுத் தூக்குடன் நேராக ஆலய வாசலுக்கு வந்து, “முடிந்துவிட்டதுங்களா?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஈரோட்டில் இருந்துகொண்டு சென்னை, பெங்களூர், சில சமயம் வெளிநாடு என்று பல இடங்களிலிருந்து வரும் குழுக்களை இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகளுக்கு அழைத்துப் போகிறேன். முதன்முறை வருகிறவர்களிடம் வேனிலேயே சொல்லிவிடும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நீங்கள் மூன்று நாள் இருந்துவிட்டுப் போவீர்கள். போதகரும் சபையாரும் அதே ஊரில், அதே அக்கம்பக்கத்தாரோடு காலம் முழுக்க இருக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அதை நினைத்துச் சொல்வதுதான்.

நாள் குறிப்பது

நிகழ்ச்சியை நீங்கள் தயாரித்து அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் முன்பே போதகருக்குப் போன் செய்து கேளுங்கள். “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்றுதான் முதலில் சொல்வார். அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பி டிக்கெட் போட்டுவிடக் கூடாது. சபையார் என்ன வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள், ஊரில் திருவிழா எப்போது, எத்தனை பேர் தங்க இடம் உண்டு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்தால் போதகரின் துணைவியாரிடமும் பேசுங்கள். தண்ணீர் எந்த நாளில் வரும், கழிப்பறை யார் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஊருக்கு ஊர் வேலை மாறும். பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி; இரவு ஷிப்டு உண்டு. கோபி, பவானி பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் விட்டால் நாற்று, நடவு என்று ஆள் கிடைக்காத நேரம். ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் தை, மாசி மாதங்களில் மஞ்சள் வெட்டு. வெட்டிய மஞ்சளை வேகவைத்து, காயவைத்து முடிக்கும்வரை குடும்பம் முழுவதும் வயல்காட்டில்தான் கிடக்கும். அந்த நாட்களில் காலைக் கூட்டம் வைப்பதில் அர்த்தம் இல்லை. காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் போவதாக இருந்தால் பந்தல் யோசனையை விட்டுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று சாமியானாவைக் கம்போடு தூக்கிக்கொண்டு போகும். அந்த ஊர்களைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

நோம்பி என்றால் திருவிழா. இங்கே எல்லோரும் சொல்லும் சொல் அதுதான். மாரியம்மன் நோம்பியைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டுச் சடங்கு நடந்துவிட்டால் அன்றிலிருந்து நோம்பி முடியும்வரை ஊர் முழுக்க அந்த நினைப்பிலேயே இருக்கும். கம்பம் நடுவார்கள், இரவில் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள், மாவிளக்கு எடுப்பார்கள், ஒலிபெருக்கி ஓயாது. அந்த நாட்களில் வெளியூர்க் குழு வேனில் வந்து இறங்கிக் கூட்டம் நடத்தினால் அது போட்டியாகத்தான் பார்க்கப்படும். நீங்கள் கிளம்பிப் போன பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் போதகர். பூச்சாட்டு நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள்.

யார், எத்தனை பேர்

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வேனில் அடங்க வேண்டும். நாற்பது பேர் உட்காரும் ஆலயத்துக்குள் இருபத்தைந்து விருந்தினர்கள் நுழைந்தால் அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நிற்க நேரும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பெண்கள் இல்லாத குழுவால் எந்த வீட்டுக்குள்ளும் சென்று உட்கார்ந்து பேச முடியாது.

ஆண்களுக்கு வேட்டியோ பேண்ட்டோ, பெண்களுக்குப் புடவையோ துப்பட்டாவுடன் சுடிதாரோ போதும். தரையில் ஒன்றரை மணி நேரம் உட்காரத் தோதான உடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை போடுவதில்லை. அங்கே போகும்போது நகைகளைக் கழற்றி வைத்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. தமிழ் வேதாகமம், டார்ச், பத்து இருபது ரூபாய்ச் சில்லறை, உங்கள் மாத்திரைகள். இவ்வளவு போதும்.

வெளிநாட்டு நண்பர்கள் உடன் வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கம் செய்யவோ கைப்பிரதி கொடுக்கவோ விதி இடம் தரவில்லை. அதற்கென்று மிஷனரி விசா தனியே உண்டு. அவர் எந்த வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரம் அரசிடம் பதிவாக வேண்டும். அதனால் அவரை நகரத்து ஓட்டலில் தங்கவைத்துப் பகலில் அழைத்துப் போவதே நல்லது. “ஒரே ஒரு வார்த்தை பேசட்டுமே” என்று மைக்கை நீட்டாதீர்கள். விசாரணை வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டியவர் போதகர்.

போகிற ஊரின் கதை

நாம் போகும் சபை நாம் போவதால் தொடங்குவதில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் கோயம்புத்தூருக்கு வந்தது 1830-இல். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. இந்த மண்ணின் பல சபைகள் அதற்கு முன்பிருந்தே ஜெபித்து வருபவை. நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியைப் பற்றித் தெரிந்துகொண்டு போக வேண்டும். மலையிலேயே வீடு கட்டி, மக்களின் மொழியைப் படித்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பள்ளி நடத்தி வாழ்ந்தவர்கள். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகம் அறிந்த பால் பிராண்ட் அந்த மலையில் 1914-இல் பிறந்த பிள்ளை. ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். எவ்லின் ஓய்வு வயதைத் தாண்டியும் மலைகளை விடவில்லை. 1974-இல், 95 வயதில் இறந்தபின் அவரை அடக்கம் செய்ததும் கொல்லிமலையில் கணவரின் அருகில்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மூன்று நாள் இருந்துவிட்டு வரும் நாம் அங்கே எப்படிப் பேச வேண்டும் என்பதை இந்த ஒரு கதையே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வேனை விட்டு இறங்கியதும்

முதலில் வருவது தண்ணீர். கொங்கு வீடுகளில் வந்தவரை “வாங்க” என்று சொல்லிக் கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. கழுவித் துடைத்த சொம்பு, வெளிப்பக்கம் ஈரம் முத்து முத்தாக நிற்கும். கொடுப்பவர் இரண்டு கைகளாலும் கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, நீங்கள் குடிக்கிறீர்களா என்று பார்ப்பார். இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இங்கே பெரும்பாலான கிராமச் சபைகள் ஊருக்கு வெளியே, காலனியில் இருக்கின்றன. இந்தக் கைகளிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் அதே ஊரில் இருந்திருக்கிறார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்த காலமும் நெடுந்தொலைவில் இல்லை. நீங்கள் “இல்லை, பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறோம்” என்று பையைத் திறந்தால், வயிற்றுக்குப் பயந்து சொன்னீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வாங்குங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர் ஒரு வாயாவது குடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். காய்ச்சிய தண்ணீர்தான் வேண்டும் என்றால் முந்தின நாளே போதகரின் வீட்டில் சொல்லி வையுங்கள், காய்ச்சி வைத்திருப்பார்கள்.

பேச்சில் ‘ங்க’ போடாமல் இங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை. சின்னப் பிள்ளைகளிடம்கூட “வாங்க கண்ணு” என்பார்கள். நீங்களும் அப்படியே பேசுங்கள். வயதில் பெரிய பெண்களை அம்மாயி, ஆண்களை அப்புச்சி என்றும், மற்றவர்களை அக்கா, அண்ணா என்றும் அழைத்தால் சட்டென்று நெருங்கிவிடுவார்கள். “தோத்திரமுங்க” என்று கை கூப்புவார்கள்; அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கை கூப்புங்கள். எதிர்ப்பாலாரிடம் கையை நீட்டாதீர்கள். “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று வழியில் யாராவது கேட்டால், கேள்விக்குள் சாதி இருந்தாலும் பதிலில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

ஆராதனையில்

செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்காருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தால் முதியவர்களை அதில் உட்கார வையுங்கள். பாட்டுகளை அவர்கள் தொடங்கட்டும். உங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் இருந்தால் கீர்த்தனைக்குத் துணையாக வாசிக்கட்டும். புதுப் பாட்டு ஒன்று போதும். எழுத்துத் தெரியாத அம்மாயி ஒருவர் கீர்த்தனையின் அத்தனை சரணங்களையும் புத்தகம் இல்லாமல் பாடுவதைக் கேட்பீர்கள். அந்த நேரத்தில் போனைத் தூக்காதீர்கள்.

பிரசங்கம் இருபது நிமிடம், சாட்சி ஐந்து நிமிடம். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்து உதாரணங்களை விடுங்கள். விதைப்பு, அறுப்பு, கடன், கூலி இவையெல்லாம் வேதத்திலேயே நிறைய இருக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்: மாரியம்மனையோ கருப்பராயனையோ அண்ணமாரையோ இழிவாக ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் அண்ணன் அந்தக் கோயிலில் பூசாரியாக இருப்பார். ஸ்பீக்கர் வழியே நீங்கள் சொன்ன வார்த்தை ஊர் முழுக்கக் கேட்கும். மறுநாள் குழாயடியில் அதற்குப் பதில் கேட்கப்படுவது அந்தச் சபைப் பெண்களிடம்தான். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அதுவும் கூடாது. சிறிய ஆலயத்துக்குப் பெரும்பாலும் மைக்கே தேவைப்படாது.

காணிக்கை நேரம். நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஒரு பாட்டியின் கையை. முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நான்காக மடித்த பத்து ரூபாய் நோட்டு. அதை முழங்காலில் வைத்து, சுருக்கம் போகும்வரை கட்டைவிரலால் மூன்று நான்கு முறை நீவிவிட்டுத்தான் பையில் போட்டார். பக்கத்தில் எங்கள் குழுப் பையன் ஒருவன் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தான். தவறான எண்ணம் ஒன்றும் அவனிடம் இல்லை. அன்றிலிருந்து குழுவின் காணிக்கையை ஒரே உறையில் போட்டு ஒருவர் மட்டும் பையில் வைக்கிறோம்.

சாப்பாடு

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, கொள்ளுப் பருப்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, பண்டிகை நாளென்றால் ஒப்பிட்டு. நன்றாக இருக்கும். நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதற்கான செலவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஒரு சபையில் எங்களுக்கு இரண்டு வேளையும் கோழி போட்டார்கள். மளிகைக் கடையில் கடன் வாங்கி அதைச் செய்தார்கள் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சாப்பாட்டுச் செலவை அனுப்பிவிடுகிறோம். அன்பளிப்பு என்று சொன்னால் தயங்குவார்கள். “பத்துப் பேர் சாப்பாட்டுக் கணக்கு” என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். பரிமாறுகிற பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் முறை கேளுங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது

போதகரோ சபை மூப்பரோ இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் நோயாளிகளும். மற்றவர்களைப் பார்க்க மாலை ஆறரைக்கு மேல் ஆக வேண்டும். சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் நாய் இருக்கும். வெளியே நின்று குரல் கொடுத்து, அழைத்த பிறகு உள்ளே போங்கள்.

நோயாளிகளுக்காக ஜெபிக்கக் கேட்பார்கள். முழு மனதோடு ஜெபியுங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். “விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு” என்ற தொனிகூடப் பேச்சில் வரக் கூடாது. காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மருந்துக்கே அடங்காத நோயாகத் திரும்பும். சர்க்கரை, வலிப்பு, மனநோய் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். ஜெபித்து முடித்ததும் “மாத்திரை தீராமல் இருக்கிறதா?” என்று கேளுங்கள். தீர்ந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் போய் வாங்கிக் கொடுங்கள். நான் பார்த்த ஊழியங்களில் மிக நல்ல ஒன்று, குழுவில் வந்த ஒரு நர்ஸ் ஒரு பெரியவரை மினி பஸ்ஸில் உட்காரவைத்து, அங்கே டோக்கன் எடுத்து வரிசையில் நின்றது.

பிள்ளைகளும் படங்களும்

வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாக்லேட்டும் துணியும் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை அப்படிக் கொடுத்தோம். ஓடிவந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சபைப் பிள்ளைகள் அல்ல. பத்து நிமிடத்தில் தாய்மார் சிலர் வந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மிட்டாய் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு அந்த ஊரில் ஓய ஒரு வருடம் ஆனது. ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. கொடுக்க ஏதாவது இருந்தால் போதகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், யாருக்கு நோட்டு இல்லை என்று அறிந்து அவர் கொடுப்பார்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். சபையாரின் முகமும் பெயரும் ஊரும் சேர்ந்து இணையத்தில் போகவே கூடாது. இதற்கு ஒரு காரணத்தைப் பலர் அறிவதில்லை. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒரே வீட்டில் தாய் சபைக்கு வருவார், மகன் வரமாட்டார், மருமகள் எப்போதாவது வருவார். அந்தக் குடும்பம் தன் நம்பிக்கையைப் பற்றி யாரிடம், எப்போது, என்ன சொல்வது என்பது அவர்கள் முடிவு. “இந்த வீடு இரட்சிக்கப்பட்டது” என்று நீங்கள் படத்தோடு எழுதினால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் பேசிவிட்டதாக ஆகும். மகனின் சாதிச் சான்றிதழ் வரைக்கும் அந்தப் படம் போகக்கூடும்.

பணம்

வாக்குக் கொடுக்காதீர்கள். ஆலயத்தின் தகரக் கூரை ஒழுகுவதைப் பார்த்ததும் மனம் உருகி, “அடுத்த வருடம் கான்கிரீட் போட்டுத் தருகிறோம்” என்று மேடையில் சொன்ன ஒரு குழுவை எனக்குத் தெரியும். சபையார் நம்பிக்கையோடு கடன் வாங்கி ஜன்னல் மட்டம் வரை சுவர் எழுப்பினார்கள். குழு திரும்பவில்லை. ஏழு வருடம் அந்தச் சுவருக்குள் எருக்கஞ்செடி முளைத்து நின்றது. போதகர் அதைத் தாண்டித்தான் தினமும் ஆலயத்தைத் திறக்கப் போவார். கையில் பணம் இருந்தால் சபைக் கமிட்டிக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். இல்லையென்றால் கூரையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

வெளிநாட்டவர் தாமாகப் போதகரின் கையில் பணம் வைக்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பின் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் அந்தப் பணம் முதலில் வர வேண்டும். திருமண்டல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

பயணத்தில் ஜெப விண்ணப்பங்களை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். பெயர், வேண்டுதல், தேதி. இரண்டு வாரம் கழித்துப் போதகருக்குப் போன் செய்து அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக விசாரியுங்கள்: முட்டி வலிக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா, பிளஸ் டூ பையனுக்கு மதிப்பெண் எவ்வளவு, வேலை நின்றுபோன அக்காவுக்கு வேறு கம்பெனி கிடைத்ததா. எடுத்த படங்களைப் பிரதி போட்டுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பும் அந்தப் படம்தான் பாட்டிமார் சிலருக்கு வாழ்நாளில் கிடைத்த நல்ல படமாக இருக்கும். கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பதை அடுத்த முறை போகும்போது பார்ப்பீர்கள். போகும்போது அதே நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை என்றால் கூட்டத்தை ஒன்பது மணிக்கு வையுங்கள்.